ஏ.சி. நயினாரின் கோபம்

“மொதல்ல தீப்பெட்டிய எடு. அப்பறமா வண்டியப் பத்திப் பேசு.”

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிற தகரக் கொட்டகைக்கு எந்தக் கார் வந்தாலும் அப்பாண்டைராஜ் நயினாரின் முதல் வார்த்தை இதுதான். வணக்கம் கிடையாது, வாங்க என்பது கிடையாது. உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். டிரைவர் சட்டைப்பையைத் தடவி எடுத்துக் கொடுக்கிறவரை பானெட்டைத் தொடமாட்டார். வாங்கிய தீப்பெட்டி, பீடிக்கட்டு, சிகரெட் எல்லாம் வாசல் வேப்பமரத்தில் தொங்கும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். வேலை முடிந்த பிறகு அவரவர் சொத்து அவரவருக்கு. போன மாதம் தாடிவைத்த வெள்ளைக்காரர் ஒருவர் சிகரெட்டும் வாயுமாகத் தம்முடைய வாடகைக் காரை எட்டிப்பார்க்க வந்தார். நயினார் அவர் உதட்டிலிருந்து சிகரெட்டை உருவி ரோட்டில் எறிந்துவிட்டு, திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். ஆத்ம விசாரத்துக்கு வந்த மனிதர் அதற்கும் சிரித்துக் கும்பிடு போட்டார்.

திருவண்ணாமலையில் ஏ.சி. வைத்த கார் எத்தனை என்று விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே வந்ததும் வண்டிக்குள் வேர்க்கத் தொடங்கிவிடும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, என்ஜினோடு பெல்ட் போட்ட ஒரு கம்ப்ரெஸர், நடுவே கேஸ் ஓடுகிற குழாய்கள். மேடு பள்ளத்தில் குலுங்கி எங்கேயாவது ஒரு நட்டு தளர்ந்து கேஸ் போய்விடும். உடனே “நயினார் கொட்டாய்க்குப் போ” என்பார்கள். மெட்ராஸில் ஃப்ரிஜ் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஆரணிப் பக்கத்துச் சொந்த ஊருக்கும் போகப் பிடிக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. காக்கி அரைக்கால் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடி, முழங்கைவரை தோல் கையுறை. பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிடுகிற சமணக் குடும்பம் என்பதால், விளக்கு வைக்கிற நேரத்தில் எவனாவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் தொலைந்தான்.

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு: “நயினாரு எறும்பு போனா ஒதுங்கிப் போவாரு, டிரைவரு போனா ஏறி மெறிச்சுட்டுப் போவாரு.” பொய்யில்லை. நெல்லுப் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிற மனிதர், நிறுத்தியே வைக்க வேண்டிய கேஸ் சிலிண்டரைப் படுக்கவைத்துவிட்ட ஒரு மெக்கானிக்கை ரோடு முழுக்கத் துரத்தியிருக்கிறார்.

அவருக்குத் தொழிலே கோபம்தான் என்று சொல்லலாம். “தடிச்ச குழாயிலதான்டா கேஸ் உடணும். மெல்லிசுல உட்டா வண்டியில கீற பிரஷரு அத்தனையும் திரும்பி சிலிண்டருக்குள்ள ஏறும். அப்பறம் சிலிண்டரும் இருக்காது, நீயும் இருக்கமாட்ட.” வேலை செய்துகொண்டே யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். கேஸ் இறங்க இறங்க சிலிண்டர் சில்லிட்டு மந்தமாகும். அதை வெந்நீர் வாளியில் நிற்கவைப்பார். கை பொறுக்கிற சூடு, அதற்கு மேல் கூடாது. “ஸ்டவ்வுல வெச்சா சீக்கிரம் ஆவுமே நயினாரே” என்று ஒரு டிரைவர் யோசனை சொன்னான். “உன் தலைய வெய்யி, சீக்கிரம் ஆவும்” என்றார். அவருடைய வலது மணிக்கட்டில் வெளுத்துப்போன ஒரு தழும்பு. கையுறை போடாத ஒரே ஒரு நாள், குழாய் நழுவி, பனியைவிடச் சில்லென்று திரவமாக வந்த கேஸ் பட்ட இடம். தீயில் வெந்தால்கூட இப்படிச் சதை செத்துப்போகாது என்பார்.

அந்தக் கேஸ் தானாகத் தீப்பிடிக்காது. மூக்குக்கும் அகப்படாது. காற்றைவிடக் கனமாகையால் தரையோடு படுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நெருப்பின் வழியாகப் போய்வந்தால் விஷப்புகையாக மாறிவிடும். இதற்குத்தான் தீப்பெட்டிப் பறிமுதல். ஆனாலும் ஓட்டையைக் கண்டுபிடிக்க அவரே ஒரு நெருப்பைத்தான் நம்பியிருக்கிறார். சின்ன ஸ்பிரிட் விளக்கு, அதன் வாயில் செப்பு வளையம், காற்றை உறிஞ்சி விளக்குக்குக் கொடுக்க ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியைக் கேஸ் கசிகிற இடத்தில் காட்டினால், சூடேறிய செம்பில் கேஸ் பட்டுச் சுடர் பச்சையாக மாறும். கார் வெட்டவெளியில் நிற்க வேண்டும், கதவு நான்கும் திறந்திருக்க வேண்டும், ஒருவரும் கிட்டே இருக்கக் கூடாது. அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கணம் பார்ப்பார், விலகிவிடுவார். பச்சை தெரிந்ததும் அந்த நட்டையும் அதைப் பூட்டியவனையும் சேர்த்து வைவார்.

இவ்வளவு கோபக்காரர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கோபப்பட்டதில்லை. அந்த ஆள் ரேணுகாம்பாள். அவலூர்ப்பேட்டை ரோட்டில் ரைஸ்மில் வைத்திருக்கிற முதலாளியம்மா. கணவர் போன பிறகு மில்லைத் தனியாளாக நடத்தி, ஆட்களை ஒரு பார்வையில் நிறுத்துகிறவர். நயினாரின் கொட்டகை நிற்கிற மனையும் அவருடையதுதான். இந்தக் கத்திரி வெயிலில் அவருடைய புது அம்பாஸடரின் ஏ.சி. நின்றுபோக, டிரைவர் பலராமன் அம்மாவோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

பலராமனிடம் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார் நயினார். பின் சீட்டைப் பார்த்தார். முதலாளியம்மா மடியில் ஒரு பூஜைப் பை. கோயிலுக்குப் போகிற வழி. நீட்டின கை தானாக மடங்கிக்கொண்டது.

“அம்மா, நீங்க எறங்கி நெழல்ல உக்காந்தீங்கன்னா...”

“வெளில அனலாக் கொட்டுது. புழுதிக் காத்து வேற. நான் எறங்கல. வண்டியக் கொட்டாய்க்குள்ள உட்டுட்டு சீக்கிரமா முடிங்க.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் மலை எதிரொலிக்கக் கத்தியிருப்பார். எடத்துக்காரம்மா சொன்னார், நயினார் “சரிங்கம்மா” என்றார். கார் கொட்டகைக்குள் போனது. புழுதிக்காகக் கொட்டகையின் ஒரு கதவைச் சாத்தவும் செய்தார். கொஞ்சம் கேஸ் விட்டால்தான் ஓட்டை தெரியும் என்று கொஞ்சம் விட்டார். விளக்கை ஏற்றி எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனார்.

அவர் போன நேரத்தில் ரேணுகாம்பாளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வண்டிக்குப் புது கேஸ் ஏறுகிறது, நல்ல காரியம், ஒரு கற்பூரம் காட்டினால் என்ன? இந்த ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினால்கூட ஒரு கட்டி கற்பூரம் கொளுத்துகிற ஜனங்கள் உண்டு. பூஜைப் பையில் செப்புத் தட்டு, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் இருந்தன. பலராமன் அவற்றை வாங்கி ஏற்றி, முன் சீட்டில் உட்கார்ந்தபடி டேஷ்போர்டில் ஒட்டியிருந்த அண்ணாமலையார் படத்துக்குக் காட்டினான். கீழே ஏ.சி. பெட்டியின் நட்டு வழியாகக் கேஸ் கசிந்து காருக்குள் நிறைந்துகொண்டிருந்தது.

சுடரின் ஓரம் பச்சையாயிற்று. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஏறி, முழுச்சுடரும் கிளிப்பச்சையாக எரிந்தது.

“அம்மா! பச்சையா எரியுதும்மா! பச்சை ஜோதி!”

நெருப்பையே சாமியாகக் கும்பிடுகிற ஊர். பலராமன் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடை ஜனம் ஓடிவந்து நான்கு ஜன்னலிலும் தலையை நுழைத்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கைகள் நீண்டன. ரேணுகாம்பாள் முன்பக்கம் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சுடர்மேல் வைத்து, முகத்தில் ஒற்றி, இழுத்து மூச்சுவிட்டு “அண்ணாமலையாரே” என்றார். இரண்டாவது மூச்சில் இருமல் வந்தது. ஆனந்தத்தில் அடைக்கிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நயினார் திரும்பி வந்தது அப்போதுதான். பச்சையைப் பார்த்தார். தம் கையிலிருந்த விளக்கை வந்தவழியே வெளியில் வீசிவிட்டு ஓடிவந்தார். விளக்கிச் சொல்ல மூச்சு ஏது, நேரம் ஏது? ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தட்டைத் தட்டிவிட்டார். அது எதிர்ப்பக்கம் திறந்திருந்த கதவு வழியாகத் தரையில் விழுந்தும் அணையவில்லை; கேஸ் படுத்திருக்கிற தரையில் இன்னும் பச்சையாக எரிந்தது. செருப்புக் காலால் மிதித்தார். ஒரு தரம் அணையவில்லை என்று மறுதரமும் மிதித்துத் தேய்த்தார். பிறகு முதலாளியம்மாவின் முழங்கையைப் பிடித்து, தரதரவென்று வெயிலுக்கு இழுத்துவந்தார்.

“வெளிய போங்கடா! எல்லாம் வெளிய போங்க! விஷம்டா அது!”

யார் காதில் விழும்? பலராமன் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “சாமிய மெறிச்சிட்டியேய்யா, பாவி! செருப்புக் காலால மெறிச்சிட்டியே!” அடுத்த வார்த்தை வராமல் அவனுக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. அப்படியும் பிடியை விடவில்லை.

ரேணுகாம்பாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். தொண்டை மட்டும் புண்ணாகி, மில்லையே அதட்டின குரல் கரகரவென்று நூலாக இளைத்துவிட்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் கதை மாட வீதி சுற்றிவிட்டது. பச்சை ஜோதியாக வந்த அண்ணாமலையாரைச் சமணன் ஒருவன் மிதித்துவிட்டான். அந்த அம்மாவுக்குப் பேச்சுப் போனது அந்தப் பாவத்தால்தான். விஷத்தை முகர்ந்தவர்களே நின்று சாட்சி சொன்னார்கள். டீக்கடையில் நயினாருக்குக் கிளாஸ் நீளவில்லை. கொட்டகைத் தகரத்தில் கல் விழுந்தது. வண்டி ஒன்றும் வரவில்லை. நயினார் தெருவில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்துக் கத்தினார். “எங்க ஊர் கோயில்லயும் கற்பூரம்தான்யா காட்றோம்! கற்பூரம் பச்சையா எரியுமாய்யா? எங்கனா பாத்துகிறியா?” பார்த்திருக்கிறோம், உன் கொட்டகையில்தான் பார்த்தோம் என்று பதில் வந்தது. ஆத்திரத்தோடு உள்ளே போய்விட்டார்.

பலராமன் முதலாளியம்மாவின் தீர்ப்பைக் கொண்டுவந்தான். பௌர்ணமி அன்றைக்குத் தெரு ஜனத்துக்கு முன்னால், அதே எடத்தில், அதே தட்டில் நயினார் கற்பூரம் ஏற்றி, மிதித்தது தப்பு என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுவரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.

வீட்டில் மனைவி தர்மதேவி வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டாள். நயினார் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

“ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னாங்க கொறஞ்சுபூடும்? கொட்டாய உட்டா நமக்கு வேற எங்க எடம்?”

“எதுக்குச் சொல்லணும்? நான் மெறிக்கலன்னா அந்தம்மா இன்னிக்கு இருக்குமா? பேசுறவன் எவனாவது இருப்பானா? உசுரக் காப்பாத்துனவன் மன்னிப்புக் கேக்கணுமா?”

“மெறிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல.” தர்மதேவி ரசத்தை ஊற்றினாள். “எறங்குங்கன்னு நீங்க ஏன் கத்தல? ஊர்ல ஒருத்தர உடாம கத்துறீங்க. வெள்ளக்காரன் வாயிலேருந்து புடுங்குறீங்க. கொட்டாய்க்குள்ள உடாதன்னு அந்தம்மாவாண்ட மட்டும் ஏன் வாய் வரல? எடத்துக்காரம்மான்னுதானே?”

இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவிய பிறகும் செம்பைக் கீழே வைக்காமல் நின்றார். வேறு எதற்காவது கோபப்படலாம் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பொண்டாட்டி சொன்னதில் தப்பு ஏதுமில்லை. அன்றைக்கு அவர் தம் வழக்கப்படி கத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பயந்தார். மனைக்குப் பயந்து ஒரு மனுஷியை விஷத்துக்குள் உட்காரவைத்தார். அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பௌர்ணமி காலையில் கிரிவலத்துக்கு ஜனம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. நயினார் தனியாளாக முட்டித் தள்ளி, அம்பாஸடரைக் கொட்டகையிலிருந்து வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார். நான்கு கதவையும் விரியத் திறந்துவைத்தார். கசிந்த நட்டைக் கழற்றிப் புதிதாகப் பூட்டினார். பம்பைப் போட்டுக் குழாயிலிருந்த காற்றை எல்லாம் இழுத்தார். சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, தடிச்ச குழாய் வழியாகக் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது ரேணுகாம்பாள் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் பலராமன், அவனுக்குப் பின்னால் தெரு.

முதலாளியம்மா பூஜைப் பையோடு நேராகக் காரை நோக்கி வந்தார்.

“அம்மா, அங்கியே நில்லுங்க!”

தெருவே அதிர்ந்து நின்றது. டிரைவர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே குரல்.

“பையத் தூரமா வெச்சிட்டு, கிட்ட வராம நில்லுங்க. வேலை முடியல. பலராமா, ஒரு ஆளக் கிட்ட உட்ட, உன்னயத் தொலைச்சிடுவேன்!”

ரேணுகாம்பாள் நின்றார். அவரிடம் இந்தத் தொனியில் பேசினவர் எவரும் இல்லை. முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் பை கைமாறிப் பலராமனிடம் போனது. கேஸ் ஏறி முடிகிறவரை எல்லோரும் வெயிலில் காத்திருந்தார்கள். நயினார் அவசரப்படவில்லை. பிரஷர் முள்ளைப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், வால்வை அடைத்தார், சிலிண்டரைக் கழற்றித் தூரக் கொண்டுபோய் வைத்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்து முதலாளியம்மாவுக்கு எதிரே நின்றார்.

“மெறிச்சது தப்புன்னு சொல்லமாட்டேன். மறுபடி பச்சையா எரிஞ்சா மறுபடி மெறிப்பேன்.” கூட்டம் உறுமியது. அவர் குரலை இன்னும் உயர்த்தினார். “உங்கள உள்ள உக்காரவெச்சுக்கினு கேஸ் உட்டேன். எடத்துக்காரம்மாவாச்சேன்னு பயந்துக்கினு வாயத் தெறக்கல. அது தப்பு. உங்க தொண்ட போனது என்னாலதான். அதுக்கு மன்னிச்சுக்குங்க.”

கும்பிட்டார். அந்தக் கும்பிடும் சண்டைக்கு நிற்கிறவன் கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

“பேச்ச மாத்துறான்மா!” என்றான் பலராமன். “கற்பூரம் ஏத்தச் சொல்லுங்க!”

ரேணுகாம்பாள் நயினாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கரகரத்த குரலில் மெதுவாகக் கேட்டார். “இப்ப ஏத்துனா பச்சையா எரியுமா?”

“எரியாது.”

“எப்படித் தெரியும்?”

நயினார் பலராமன் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். செப்புத் தட்டையும் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு காரின் முன் சீட்டில் ஏறினார். எட்டி எட்டி நான்கு கதவையும் அறைந்து சாத்தினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. தட்டைத் தொடைமேல் வைத்துக் குச்சியைக் கிழித்தார்.

ஜனம் காரைச் சுற்றி நெருக்கியது. கண்ணாடிக்கு உள்ளே நயினார், குளிர்ந்த காற்று சுடரை அணைத்துவிடாமல் ஒரு கையால் மறைத்தபடி, தட்டை ஏ.சி. பெட்டியின் நட்டுக்கு நேராகக் கொண்டுபோனார். குனிந்து முகத்தைச் சுடருக்குப் பக்கத்தில் வைத்தார். நெஞ்சு நிறைய இழுத்து ஒரு மூச்சு விட்டார். இன்னொன்று இழுத்தார். வெளியே பலராமன் பானெட்டின்மேல் கவிழ்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். சுடர் மஞ்சளாக எரிந்தது. நயினார் இருமவில்லை.

ரேணுகாம்பாள் ஜன்னலுக்கு மிக அருகில் வந்திருந்தார். நயினார் கண்ணாடியை இறக்கினார். அதே கடுகடுத்த முகத்தோடு தட்டை வெளியே நீட்டினார்.

“கண்ணுல ஒத்திக்குங்க, அணையறதுக்குள்ள.”